மண்ணுக்குப் பட்ட கடன்

நிலத்தை உடையவன் ஒருவன்; உழுபவன் ஒருவன்; விளைவை உண்பவன் மற்றொருவன். பழைய சிற்றூரில் இம்மூவரும் ஒருவராகவே இருந்ததுண்டு. தோட்டத் தொழில் தோன்றிய பின்னரோ மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதவராயினர். உடையவன் கடல்கடந்த நகரில் இருந்தான். உழைப்பவன் லயத்தில் இருந்தான். நுகர்பவன் உலகெங்கும் இருந்தான். இந்நிலையில், அம்மண் வளம் குன்றாமல் காக்கும் கடமை யாருடையது? உரிமை உள்ளவனுக்கே கடமையும் உண்டு என்பது எளிய விடை. அவ்விடை சரியானதுதானா என்பதே ஆராயத்தக்கது. ஒரு சாண் நிலமும் தன் பெயரில் இல்லாதவனுக்கு மண்ணிடம் கடமை ஏதும் இல்லையா? இருப்பின், அஃது அவனுக்கு நேர்ந்த அநீதியின்மேல் ஏற்றப்பட்ட மற்றொரு சுமை ஆகாதா?

இவ்வினா மலேசியத் தமிழர்க்குப் புதியதன்று. காட்டை அழித்துக் கழனியாக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அக்கழனி அவர்களுக்கு உரியதாய் இருந்ததில்லை. ஆதலின், நிலைத்த வேளாண்மை என்று இன்று பலராலும் பேசப்படும் நெறியை அவர்கள் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பது பயனுடைய செயலாகும். அதற்கு ஜொகூர் மாநிலத்தின் மண்வரலாறே தக்க பாடநூலாக விளங்குகின்றது.

ஜொகூரின் பெருங்காடுகளை முதலில் பெருமளவில் அழித்த பயிர் இரப்பர் அன்று. கம்பீரும் மிளகும் ஆகும். 1840களில், தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில், ஆற்றோரக் காடுகளைத் திருத்திப் பயிரிடும் உரிமை சீனத் தலைவர்களுக்குப் பத்திரம் எழுதி வழங்கப்பட்டது. அத்தலைவர் 'காங்சூ' எனப்பட்டார். அவர்தம் குடியிருப்பு 'கங்கார்' எனப்பட்டது. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் அவ்வரலாற்றை நினைவூட்டுகின்றன. கம்பீர் இலையைக் கொதிக்க வைத்து, தோல் பதனிடவும் சாயமிடவும் உதவும் சாறு எடுத்தனர். சாறு எடுத்தபின் எஞ்சிய இலையை மிளகுக் கொடிகளுக்கு எருவாக இட்டனர். ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாயிற்று. இதனை மட்டும் நோக்குவோர், இதுவன்றோ இயற்கையோடு இயைந்த வேளாண்மை என வியக்கக்கூடும்.

ஆயின் அந்த இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டியிருந்தது. தோட்டத்தைச் சுற்றியிருந்த காடு அடுப்புக்கு இரையாயிற்று. கம்பீர்ச் செடியோ மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சியது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சோர்ந்தது. அருகில் விறகும் தீர்ந்தது. தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த ஆற்றங்கரைக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை லாலாங் புல் மூடியது. 1917இல் காங்சூ முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. வேலிக்குள் ஒழுங்கும் வேலிக்கு வெளியே அழிவும் உள்ள வேளாண்மை நிலைத்த வேளாண்மை ஆகாது. இலையை எருவாக்கிய அறிவு, காட்டை விறகாக்கிய கணக்கால் தோற்றது. மற்றுமோர் உண்மையும் உண்டு. காங்சூவுக்கு நிலத்தின்மேல் உரிமை இருந்தது. ஆயினும் மண் காக்கப்படவில்லை. உரிமை இருந்தால் கடமை தானே பிறக்கும் என்னும் எளிய விடை இங்கேயே ஆட்டம் காண்கின்றது.

அடுத்து வந்தது இரப்பர். 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளின் நாற்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர்.

அக்காலத்துத் தோட்ட நிர்வாகங்கள் பல, மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் இருத்தல் ஆகாது எனக் கருதின. மண்வெட்டியால் கொத்திக் கொத்தி நிலத்தை வெறுமையாக்குவதே நல்ல பராமரிப்பு எனப் போற்றப்பட்டது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் நாட்டில், மூடாக்கு இல்லாத சரிவு நிலத்தின் மேல்மண் ஆற்றோடு போயிற்று. பின்னரே அறிவியல் தன் பிழையை உணர்ந்து, மண்ணை மூடும் அவரையினக் கொடிகளை மரங்களுக்கு இடையே வளர்க்கச் சொன்னது. மேல்மண்ணைக் கொத்தியவை தமிழனின் கைகள். கொத்தச் சொன்னது வேறொருவன் வாய். அப்பழி யாரைச் சாரும்? கருவியாய் இருந்தவனைவிட ஏவியவனே பெரும்பொறுப்பு உடையவன் என்பதில் ஐயமில்லை. எனினும் கருவியாய் இருந்தவன் தன் கை செய்வதை அறியாதவனாகவே இருந்துவிட வேண்டுமா என்பது எஞ்சி நிற்கும் வினா.

அதற்கு விடை காணப் பால்வெட்டும் கத்தியை நோக்குதல் வேண்டும். பால்மரத்தின் பட்டையில் வெட்டு ஆழமாகப் பாய்தல் கூடாது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே உள்ள வளர்படலம் காயப்பட்டால் புதிய பட்டை ஒழுங்காக வளராது. முடிச்சும் புடைப்பும் தோன்றும். மிக மேலாக வெட்டினாலோ பால் குறையும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை விட்டுவைப்பதே கைத்திறன். விடியுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் நன்கு ஒழுகும். ஆகவே தொழிலாளி நெற்றி விளக்கோடு இருளில் நடந்தான். ஒருநாள் வெட்டிய மரத்தை மறுநாள் ஓய்வுற விட்டான். பேராசையால் ஓயாமல் வெட்டப்பட்ட மரம் பால் வற்றிப்போகும் என்பதை அவன் அறிவான். எடுக்கலாம், ஆனால் இவ்வளவே எடுக்கலாம் என்னும் அறம் நூல்களில் தோன்றுமுன் அந்தக் கத்திமுனையில் இருந்தது. நிலைத்த வேளாண்மை என்பதன் உட்கரு இதுவே. மரம் அவனுடையதன்று, ஆயினும் மரத்தின் உயிர் அவன் கையில் இருந்தது. ஆதலால் அவனுக்குக் கடமை உண்டாயிற்று. கடமை உரிமையிலிருந்து மட்டும் பிறப்பதன்று, ஆற்றலிலிருந்தும் பிறப்பது.

இக்கருத்தை மனத்திற்கொண்டு, குளுவாங் வட்டாரத்தைப் போன்ற இடத்தில் சில ஏக்கரில் நடைபெறும் கலப்புப் பண்ணை ஒன்றின் ஒருநாள் வாழ்வை எண்ணிப் பார்க்கலாம். டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் நிழலோரத்தில் வாழையும் மரவள்ளியும் வளர்கின்றன. ஒருபுறம் காய்கறிப் பாத்திகள். ஒருபுறம் ஆட்டுக் கொட்டில். தாழ்ந்த மூலையில் மீன்குளம். பொழுது விடிந்ததும் உழவன் முதலில் செய்யும் வேலை கருவியை எடுப்பதன்று, சுற்றிப் பார்ப்பது. எந்த இலை சுருண்டது, எந்தத் தண்டில் துளை விழுந்தது, இரவு மழையில் எந்த வரப்பு கரைந்தது என நோக்குகின்றான். வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, எருவையும் காவலையும் ஏருக்கும் நீருக்கும் மேலாக வைத்ததன் நுட்பம் இத்தகைய காலை நேரத்தில் விளங்கும். காவல் என்பது வேலி கட்டுதல் மட்டுமன்று, கண்ணால் காத்தலுமாகும்.

வெயில் ஏறுமுன் கொட்டிலைக் கூட்டி எருவைத் தழையோடும் வைக்கோலோடும் அடுக்குகின்றான். ஒழுங்காக அடுக்கிய குவியல் சில நாட்களில் 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். அச்சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் மாயும். புரட்டிவிட்டு மீண்டும் மூடுகின்றான். வெப்பமண்டல மண்ணின் இயல்பை அறிந்தவர்க்கே இவ்வேலையின் அருமை புரியும். குளிர்நாட்டு மண்ணில் மக்கிய பொருள் நெடுங்காலம் தங்கும். இங்கோ சூடும் ஈரமும் சேர்ந்து அதனை விரைவில் கரைத்துவிடுகின்றன. காட்டின் வளம் பெரும்பாலும் மரத்திலும் சருகிலும் உயிரோடு சுழன்றுகொண்டிருக்கின்றதே அன்றி, மண்ணில் சேமிப்பாக இல்லை. அச்சுழற்சி நின்றால் செல்வம் தீர்ந்தது. எனவே இங்குள்ள உழவன் சேமிப்பில் வாழ்பவன் அல்லன். அன்றாடம் ஈட்டி அன்றாடம் திருப்பிக் கொடுப்பவன். எடுத்ததைக் கொடாத ஒவ்வொரு நாளும் அவன் கடன்படுகின்றான்.

நண்பகலுக்குப் பின் வானம் இருண்டு இடிமழை பெய்கின்றது. சரிவின் குறுக்கே வெட்டிய குழிகள் ஓடும் நீரை நிறுத்தி வண்டலைத் தாங்கிக்கொள்கின்றன. மூடுகொடிகளின் இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தம்மேல் ஏற்கின்றன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்து மண்ணுக்கு ஈகின்றன. களை என்று ஒருகாலத்தில் கொத்தி எறியப்பட்டதற்கு ஒப்பான பசுமையே இன்று காப்பாக நிற்கின்றது. களை என்பது செடியின் பெயரன்று. மனிதன் தன் தேவையால் செடிக்கு இட்ட பெயர். அறிவு மாறும்போது அப்பெயரும் மாறுகின்றது. பிறிதோர் உயிரைப் பயனற்றது எனத் தீர்ப்பளிக்குமுன் சற்றே தயங்குதல் அறிவுடைமை என்பதனை இது கற்பிக்கின்றது.

மாலையில் பாத்திகளுக்கு நீர் விட்டு, குளத்து மீனுக்குத் தழை இட்டு, உழவன் வீடு திரும்புகின்றான். இரவில் வேறொரு காவலன் வேலைக்கு வருகின்றான். அவன்தான் கூகை. செம்பனைத் தோட்டங்களில் எலியின் தொல்லை பெரிது. பழுத்த குலையையும் இளங்கன்றின் குருத்தையும் அது கொறிக்கும். கம்பங்களின்மேல் கூண்டுப் பெட்டி அமைத்துக் கூகைகளைக் குடியேற்றும் முறை மலேசியத் தோட்டங்களில் 1970களிலிருந்து ஆராயப்பட்டுப் பரவியது. குஞ்சுகளோடு வாழும் ஓர் இணை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். கொடிய நஞ்சு வைத்தால் எலி சாகும். நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் சாகும். பின்னர் எலி பெருகும். கூகையோ உடனே திரும்பாது.

ஈண்டு ஓர் அறச்சிக்கல் உண்டு. கூகையை வளர்ப்பவனும் எலியைக் கொல்விப்பவனே அன்றோ? உயிர்க்கொலை நீங்கிய உழவு உலகில் எங்கும் இல்லை. ஏர் முனையிலேயே புழு மடிகின்றது. ஆயின் ஓர் உயிரின் இரையாக மற்றோர் உயிர் மாய்வதும், ஓர் இனத்தையே நிலத்திலிருந்து துடைத்தெறிய முனைவதும் ஒன்றல்ல. கூகை எலியைக் குறைக்கின்றது, அழிப்பதில்லை. அழித்தால் அதற்கே உணவில்லை. குறைத்தலோடு நிற்கும் இவ்வளவறிதலே நஞ்சிடம் இல்லாதது. தூய்மையான கை எவர்க்கும் வாய்ப்பதில்லை. அளவறிந்த கை வாய்க்கும். உழவன் தேட வேண்டியது அதனையே.

இயற்கையின் துணை மனிதனுக்கு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு ஜொகூரே சான்றளித்தது. செம்பனை ஆப்பிரிக்க மரம். அங்கே அதன் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் சிறு வண்டு மலேசியாவில் இல்லை. எனவே தொழிலாளர் ஒவ்வொரு மரமாகச் சென்று மகரந்தத் தூளைப் பெண்பூக்குலையில் கையால் ஊதித் தூவ வேண்டியிருந்தது. பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத் கமரூனில் ஆராய்ந்து அவ்வண்டின் பணியை மெய்ப்பித்தார். 1981இல் குளுவாங்கில் உள்ள மாமோர் தோட்டத்தில் அவ்வண்டுகள் முதன்முதலாக விடப்பட்டன. விரைவில் அவை நாடெங்கும் பரவின. கையால் தூவும் வேலை மறைந்தது, காய்ப்பு உயர்ந்தது.

இதனை இயற்கையின் வெற்றி என்று புகழலாம். புகழ்வோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உளது. வண்டு கொணர்ந்த ஊதியத்தில் தூவியவர்களுக்குக் கிடைத்த பங்கு என்ன? இயற்கை தன் பணியைச் செய்தது. நீதியை அது செய்யாது. பங்கிடும் பணி மனிதனுடையது. மண்ணைப் பேணியும் மனிதனை வாட்டும் பண்ணை பாதி அறமே உடையது. களைக்கொல்லியைத் தோளில் சுமந்து தெளித்தவர்களுள் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். கையுறையும் முகமூடியும் அந்த வெயிலில் அணிய இயலாதவை. பலருக்கு அவை சரிவரக் கிடைத்ததும் இல்லை. அவர்கள் தெளித்த நச்சுகளுள் ஒன்றான பாராகுவாட் மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020இல்தான். மண்புழுவின் நலத்தை எண்ணுவோர் தெளிப்பவளின் நுரையீரலை எண்ணாதிருப்பின் அவர்தம் வேளாண்மையை நிலைத்தது எனக் கூறல் பொருந்துமா?

இங்கே மறுப்பு ஒன்று எழும். நாளைய தலைமுறைக்காக மண்ணைக் காக்கும் பொறுமை வயிறு நிறைந்தவர்க்கே உரியது. இன்றைய அரிசிக்கு வழியற்றவனிடம் நூறாண்டுக் கணக்குப் பேசுவது கொடுமை என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என அஞ்சி வாழ்பவன் டுரியான் கன்றை நடமாட்டான். மூன்று மாதத்தில் காய்க்கும் வெண்டையையே நடுவான். தோட்டத்து லயங்களின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் கீரையும் வளர்த்தவர்கள், தோட்டம் விற்கப்பட்டபோது அவற்றை வேரோடு விட்டுச் செல்ல நேர்ந்தது. நிலையற்ற வாழ்வினனிடம் நிலைத்த வேளாண்மையை எதிர்பார்ப்பது தகாது. ஆயின் இதிலிருந்து பெறப்படும் முடிபு, ஏழைக்குக் கடமை இல்லை என்பதன்று. ஏழைக்கு நிலைபேறு அளிப்பதே மண்காப்பின் முதற்படி என்பதாகும்.

இதனை நன்குணர்ந்து செயலாற்றியவர் துன் வீ. தி. சம்பந்தன். நாட்டின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் தொழிலாளரிடம் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் உடைமை ஆயிற்று. உழைப்பவனே உடையவனாகும் வழி ஒன்று இங்ஙனம் திறந்தது. பால்வெட்டும் கத்தியில் அளவறிந்த கைகளுக்குக் கணக்கேட்டிலும் இடம் கிடைத்தது எனலாம்.

எனினும் உரிமை கிடைத்தால் போதும் எனவும் கூற இயலாது. கம்பீர்த் தோட்டத்தின் வரலாறு அதனை மறுக்கின்றது. மேற்கு ஜொகூரின் சதுப்பு நிலமும் மறுக்கின்றது. பொந்தியான், பத்து பகாட் வட்டாரங்களில், முழுதும் மக்காத தாவரப் பொருளால் ஆன மண் பரந்து கிடக்கின்றது. மலாய் மொழியில் அதனைத் 'தானா கம்புட்' என்பர். பயிருக்காக அதன் நீரை வடித்தால் மண் காற்றுப்பட்டுச் சிதைந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்கின்றது. நிலம் தாழத்தாழ வெள்ளம் எளிதாகின்றது. வடிகாலை இன்னும் ஆழமாக்கினால் நிலம் இன்னும் தாழ்கின்றது. நீர்மட்டத்தை உயர்த்தி வைத்து, அதனைத் தாங்கும் பயிரைத் தேர்ந்து, விளைச்சலில் ஒருபகுதியை விட்டுக்கொடுத்தாலன்றி இச்சுழலை மெதுவாக்க வழியில்லை. இங்கு நிலத்தை இழந்துகொண்டிருப்பவன் நிலத்தின் உடைமையாளனே. உரிமைப் பத்திரம் எத்தனை ஏக்கர் என்று சொல்லும். எத்தனை அடி ஆழம் எஞ்சும் என்று சொல்லாது.

தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1945இல் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி நூல் எழுதினார். உயிர்களின் வாழ்க்கைமுறையைக் கொண்டே பொருளியலைப் படிப்படியாக வகுத்தார் அவர். தனக்குப் பயன் தருவதையே அழித்து வாழ்தல் அடிப்படி. ஏதும் கொடாது எடுத்துக்கொள்ளுதல் அதற்கு அடுத்தது. எடுத்ததற்கு ஈடு செய்தல் அதனினும் மேலானது. பயன் கருதாது பிறர்க்குப் பணி செய்தல் உச்சி. அவ்வளவுகோலை ஜொகூர் மண்ணில் வைத்துப் பார்த்தால் கம்பீர் அடுப்பு எங்கே நிற்கின்றது, எருக்குவியல் எங்கே நிற்கின்றது என்பது விளங்கும். டுரியான் விதையை முதிய வயதில் ஊன்றுபவன் உச்சியில் நிற்கின்றான். அம்மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பழத்தை அவன் உண்ணாமல் போகலாம். அவன் உண்ட பழமும் யாரோ ஊன்றியதே. முன்னோர்க்குப் பட்ட கடனைப் பின்னோர்க்கே செலுத்த முடியும் என்பது மண்ணின் விந்தையான கணக்கு.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். மண்ணைக் காக்கும் கடமை மூவர்க்கும் உரியது. ஆனால் சம அளவில் அன்று. எவனுடைய சொல்லால் நிலத்தின் விதி மாறுமோ, அவனுடைய கடமை பெரிது. எவனுடைய கையில் கருவி உள்ளதோ, அவனுடைய கடமை அக்கருவியின் அளவினது. எவன் உண்கின்றானோ, அவனும் விலை கொடுத்ததோடு விடுபட்டவன் அல்லன். மலிவு ஒன்றையே நாடும் அவன் விருப்பமே மண்ணைக் கசக்கும் முதல் ஏவல். உழைப்பவனுக்கு நீதி வழங்காமல் அவனிடம் மண்காப்பை வேண்டுவது வஞ்சனை. நீதி கிடைத்தபின் மண்ணை மறப்பது நன்றிகேடு.

இக்கணக்கைப் பயிலத் தக்க இடம் பள்ளித் தோட்டம். அங்கே ஒரு பாத்தியைப் பேணும் மாணவனுக்கு அந்நிலம் சொந்தமன்று. விளைவையும் அவன் தனித்து உண்பதில்லை. அடுத்த ஆண்டு அப்பாத்தி வேறொருவன் கைக்குச் சென்றுவிடும். ஆயினும் தான் பெற்றபோது இருந்ததைவிடச் சற்றே கருத்த, சற்றே மென்மையான மண்ணை அவன் விட்டுச் செல்ல முடியும். நூறு கட்டுரைகள் விளக்க முயலும் அறத்தை ஒரு கூடை எரு அவனுக்கு விளக்கிவிடும்.